அம்மாவின் தலையில் வேர்

சியாலே: அய்யோ... இறுக்காதக்கா! கண்ணு ரெண்டும் பிதுங்கி வெளிய வந்துடும்.

கலோ: வந்தா எடுத்து உள்ள வச்சிக்கலாம். ஆடாம உக்காரு. நுணா இலையைச் சூட்டோட கட்டினாத்தான் வலி இறங்கும். ஆறிப்போச்சுன்னா அது வெறும் இலை.

சியாலே: எண்ணெய் வழியுது.

கலோ: வழியட்டும். தேங்காயெண்ணெய்க்கே மூஞ்சியைச் சுளிக்கிறே. ஆக்லாந்துல போய்ச் சொல்லிக்காத, நான் டோங்காக்காரின்னு.

சியாலே: எண்ணெய்க்கு இல்லக்கா, வெளிச்சத்துக்கு. இந்தக் கல்லறை மணல் இருக்கே... இவ்ளோ வெள்ளையா எதுக்குக் கொண்டாந்து கொட்டினீங்க? கண்ணைக் குத்துது.

கலோ: அம்மா மேல அழுக்கு மணலையா கொட்டுவாங்க? இப்படித் திரும்பி உக்காரு. உங்கண்ணன் ஃபெலெட்டி தோண்டறதைப் பாத்துக்கிட்டே இருக்காத. முடிஞ்சா கூப்பிடுவாரு.

சியாலே: நேத்தே தோண்டியிருக்கலாம்.

கலோ: ஞாயித்துக்கிழமையா? நல்லா இருக்கு! கோயில் மணி அடிக்கறப்ப மண்வெட்டியைத் தூக்கினா, போதகர் நம்மளையும் சேத்து உள்ள தள்ளி மூடியிருப்பாரு. மேல நின்னு ஒரு பாட்டும் பாடியிருப்பாரு.

சியாலே: சிரிக்க வைக்காத. சிரிச்சா மண்டை பிளக்குது.

கலோ: எங்க? எந்தப் பக்கம்?

சியாலே: பின்னால... அப்புறம் இந்தக் கண்ணுக்கு உள்ள. காலையில எந்திரிச்சதும்தான் அதிகம். வாந்தி எடுத்தா கொஞ்சம் அடங்குது.

கலோ: காலையில வாந்தியா... ஏண்டி, மாசமா ஏதும் இருக்கியா?

சியாலே: ஷ்ஷ்! அண்ணன் காதுல விழப்போகுது! அவரு இருக்கற எடத்துல இதையெல்லாம் பேசலாமா?

கலோ: விழாது. நம்ம பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டுதான் தோண்டறாரு. தங்கச்சி தலையை அவுத்துப் போட்டு உக்காந்திருந்தா திரும்புவாரா அவரு? ...சொல்லு. இருக்கியா?

சியாலே: இல்லக்கா. யாரோட இருக்க? ராத்திரி பூரா ஆபீஸ் ஆபீஸா போய்க் கக்கூஸ் கழுவறேன். முதல்ல அந்த மருந்து வாடையிலதான் தலை வலிக்குதுன்னு நினைச்சேன்.

கலோ: எல்லாத் தலைவலியும் ஒண்ணு இல்லடி. பசியில வர்றதுன்னா கிழங்கைத் தின்னா போச்சு. வெயில்ல வர்றதுன்னா இளநியைக் குடிச்சிட்டு நிழல்ல சாஞ்சா போச்சு. தூக்கம் கெட்டா ஒரு மாதிரி வலிக்கும், அழுதா ஒரு மாதிரி. பிரசங்கம் நீண்டா அது தனி.

சியாலே: இது எதுலயும் சேரல.

கலோ: அதான் நானும் சொல்றேன். நீ வந்த நாள்லேர்ந்து என்னென்னவோ பண்ணியாச்சு. நெத்தியில ஈரத்துணி போட்டேன். கழுத்தையும் தோளையும் நீவி விட்டேன். தண்ணி தண்ணியா குடிக்க வச்சேன். காப்பியை நிறுத்தினேன்...

சியாலே: அதுக்கு மட்டும் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

கலோ: ...சன்னல்ல பாயைத் தொங்கவிட்டு இருட்டுல படுக்க வச்சேன். வைத்தியக்காரம்மா வந்து இலையை மென்னு உச்சந்தலையில வச்சாங்க...

சியாலே: நாத்தம்! இன்னும் போகல.

கலோ: அவங்கதானே கடைசியில சொன்னாங்க. "இது உசுரோட இருக்கறவ தலையில வந்த வலி இல்ல. போய்ப் படுத்திருக்கறவ தலையைப் பாருங்க"ன்னு.

சியாலே: சின்ன வயசுல பாத்திருக்கேன்ல நானு. சித்தப்பா முதுகு வலிக்குதுன்னு புரண்டாரே... தாத்தா குழியைத் திறந்தா, முதுகெலும்புக்கு அடியில ஒரு கல்லு. எடுத்துப் போட்டதும் மறுநாள் படகை இழுத்துக்கிட்டுப் போனாரு.

கலோ: ம்.

சியாலே: தலைன்னா வேரா இருக்கும், இல்ல? மண்டைக்குள்ள வேரு பூந்திருக்கும்.

கலோ: ம்... வேராத்தான் இருக்கும்.

சியாலே: என்ன இன்னிக்கு 'ம்' போடறே? என்னைவிட நீதான் அதிகம் பேசுவே.

கலோ: வாய் வலிக்குது. உனக்குத் தலை, எனக்கு வாய். ...ஏண்டி, அங்க டாக்டர் என்னதான் சொன்னாரு?

சியாலே: ஒண்ணும் இல்லன்னுதான்.

கலோ: படமெல்லாம் எடுத்துமா?

சியாலே: எடுத்தாங்க. பெரிய குழாய்க்குள்ள படுக்க வச்சு... அப்பா, என்னா சத்தம்! தகர டப்பாவுல போட்டுத் தட்டற மாதிரி. ...ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.

கலோ: ரெண்டு தடவை சொல்றே.

சியாலே: ரெண்டு தடவை கேட்டே.

கலோ: சரி சரி. கண்ணை மூடு. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடறேன்.

சியாலே: அக்கா.

கலோ: ம்?

சியாலே: வேரு இல்லன்னா?

கலோ: இருக்கும்.

சியாலே: எப்படி அவ்ளோ உறுதியா சொல்றே?

கலோ: இருக்கும்னா இருக்கும். அக்கா பேச்சுல நம்பிக்கை இல்லையா?

சியாலே: இல்லன்னா என்னால தாங்க முடியாதுக்கா. நெஜமா. அம்மா என்னைத் தேடலன்னு அர்த்தம். அப்புறம் இந்த வலி வெறும் வலி... 

கலோ: தெரியும்டி. அதான்...

சியாலே: அதான்?

கலோ: அதான் இருக்கும்னு சொன்னேன். மூக்கைத் தொடச்சுக்க.

சியாலே: சனிக்கிழமை எங்க போயிருந்தே நீ? இருட்டுல படுத்துக்கிட்டு உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். வீட்டுல ஆளே இல்ல.

கலோ: கடலோரம் போனேன். சிப்பி பொறுக்க.

சியாலே: சிப்பி ஒண்ணையும் காணோமே? கையெல்லாம் மணலோட மட்டும் வந்தே.

கலோ: கிடைக்கல. என்ன நீ, போலீஸ்காரி மாதிரி...

ஃபெலெட்டி: அக்கா...

கலோ: இதோ! ...சியாலே, முடியை முடி. இடுப்புல சுத்தியிருக்கற துக்கப் பாயைச் சரியாக் கட்டு. அண்ணன் வராரு.

ஃபெலெட்டி: தோண்டியாச்சு. அம்மாவைச் சுத்தின பாய் தெரியுது. இனிமே நீங்க பாத்துக்குங்க. நான் ரோட்டுப் பக்கம் நிக்கறேன்.

சியாலே: மணல் இவ்ளோ சீக்கிரம் வந்துடுச்சே அண்ணா? இறுகிப் போயிருக்கும்னு நினைச்சேன்.

ஃபெலெட்டி: அது... வந்து... அக்காவுக்குத் தெரியும்.

கலோ: மழை பேஞ்சுதில்ல. ஊறின மணல் அப்படித்தான் லேசா வரும்.

ஃபெலெட்டி: அக்கா, வேணாம்னு தோணினா இப்பவே மூடிடலாம். யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல...

கலோ: நீங்க போங்க தம்பி. போய்த் தண்ணி குடிங்க.

ஃபெலெட்டி: சரிக்கா.

சியாலே: அண்ணன் ஏன் என் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்கறாரு?

கலோ: என்னிக்குப் பாத்திருக்காரு? அண்ணனும் தங்கச்சியும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கறது ஆக்லாந்துல வழக்கமா இருக்கும். இங்க இல்ல.

சியாலே: அது எனக்குத் தெரியாதா? இது வேற. அவரு அழுதிருக்காருக்கா.

கலோ: அவருக்கும் அம்மாதானே. எண்ணெய்க் குப்பியை எடு. அந்தப் புது மரப்பட்டைத் துணியையும் எடு. நான் இறங்கறேன், நீ மேல இரு.

சியாலே: நான்தான் இறங்கணும்.

கலோ: தலை சுத்தி விழுந்தேன்னா? அம்மாவையும் தூக்கி, உன்னையும் தூக்க என்னால ஆகாது. மேலயே மண்டி போட்டு உக்காரு.

சியாலே: அன்னிக்குத்தான் வரல. இன்னிக்காவது...

கலோ: சொன்னாக் கேளு சியாலே!

சியாலே: ...கத்தாத. கேக்கறேன்.

கலோ: கத்தலடி. கத்தல. குப்பியைக் கீழ குடு.

சியாலே: இந்தா. ...அன்னிக்கு ஏன் வரலன்னு உனக்குத் தெரியும்ல? விசா காகிதம் இல்லாம அங்க ஒளிஞ்சு கிடந்தேன். கிளம்பி வந்திருந்தா திரும்ப உள்ள விட்டிருக்க மாட்டாங்க. இப்பத்தானே காகிதம் கைக்கு வந்துச்சு.

கலோ: தெரியும். யாரு உன்னைக் கேட்டா?

சியாலே: யாரும் கேக்கல. அதான் கொடுமை. யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். போன்ல அடக்கத்தைப் பாத்தேன். யாரோ போனைக் கோணலாப் பிடிச்சிருந்தாங்க. பாதி நேரம் எவரோட செருப்பையோ பாத்துக்கிட்டு அழுதேன்.

கலோ: அது ஃபெலெட்டியோட செருப்பு. அவருதான் போனைப் பிடிச்சிருந்தாரு. அழுதுக்கிட்டே பிடிச்சா கோணாம என்ன செய்யும்?

சியாலே: ...அண்ணனா?

கலோ: அவரேதான். அப்புறம் வீட்டுக்கு வந்து, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு அதுக்கும் அழுதாரு.

சியாலே: அம்மா கடைசியில என்னைக் கேட்டாளா?

கலோ: இதை எத்தனை தடவைடி...

சியாலே: இன்னொரு தடவை சொல்லு.

கலோ: கேட்டா. சியாலே சாப்பிட்டாளான்னு கேட்டா. சாப்பிட்டாம்மான்னு சொன்னேன்.

சியாலே: கோபமா கேட்டாளா?

கலோ: சாப்பிட்டாளான்னு எப்படிடி கோபமா கேக்கறது?

சியாலே: கோபம் இருந்திருக்கணும்க்கா. இருக்கணும். கோபம் இருந்தாத்தானே கூப்பிடுவா...

கலோ: பேசாம இரு. பாயை விலக்கறேன்.

சியாலே: என்னக்கா? என்ன தெரியுது? பேசு!

கலோ: ...இருக்கு.

சியாலே: என்ன இருக்கு?

கலோ: வேரு. கண்குழி வழியாப் போய்... உள்ள சுத்திக்கிட்டு இருக்கு. இரு, இழுக்கறேன்.

சியாலே: மெதுவா! மெதுவாக்கா, அம்மாவுக்கு வலிக்கும்!

கலோ: மெதுவாத்தான் எடுக்கறேன். மன்னிச்சுக்கம்மா. மன்னிச்சுக்க. மன்னிச்சுக்க...

சியாலே: நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? நான்ல கேக்கணும்.

கலோ: நானும் கேக்கறேன், விடு. இந்தா... வந்துடுச்சு.

சியாலே: அய்யோ... எவ்ளோ நீளம்! பாவி வேரு... இதை வச்சுக்கிட்டா படுத்திருந்தே அம்மா? இவ்ளோ வருஷமா?

கலோ: அழாதடி. அழுதா தலை இன்னும் வலிக்கும்.

சியாலே: வலிக்கட்டும். அம்மா... சியாலே வந்திருக்கேன். ரொம்பத் தாமதமா வந்திருக்கேன். உன்னைத் தூக்கற அன்னிக்கு நான் எவனோட ஆபீஸையோ துடைச்சுக்கிட்டு இருந்தேம்மா. நீ கோபமா இருந்தாலும் பரவால்ல. என்னை மறந்துட்டியோன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன். மறக்கல. இல்ல? மறக்காமத்தான் இப்படி இழுத்திருக்கே.

கலோ: போதும்டி... போதும். துணியைக் குடு. எண்ணெய் தடவியாச்சு, சுத்தணும்.

சியாலே: ஏன் இவ்ளோ அவசரமாச் சுத்தறே?

கலோ: குனிஞ்சே இருக்கேன்ல. வயசாச்சு.

சியாலே: அக்கா...

கலோ: என்ன?

சியாலே: குறையுதுக்கா.

கலோ: எது?

சியாலே: வலி! நெஜமா. பின்னால ஒரு அமுக்கம் இருந்துச்சே... யாரோ கையை எடுத்த மாதிரி இருக்கு.

கலோ: இலையோட சூடுடி அது.

சியாலே: இலையா? நீதானே வேருன்னு சொன்னே!

கலோ: ...ஆமா. வேருதான். வேரை எடுத்ததுலதான்.

சியாலே: நல்ல ஆளு நீ! உன் வைத்தியமே ஜெயிக்கணும் உனக்கு. அந்த வேரை இங்க குடு, பாப்போம். ...என்னக்கா இது, முறிஞ்ச எடத்துல மஞ்சளா இருக்கு? வேலியோரம் நிக்கறது சவுக்குதானே? சவுக்கு வேரு மஞ்சளாவா இருக்கும்?

கலோ: வேரு மண்ணுக்குள்ள கிடந்தா ஏதோ ஒரு நிறம். கீழ போடு அந்தக் கருமத்தை.

சியாலே: போட மாட்டேன். இது அம்மா எனக்கு அனுப்பின சேதி.

கலோ: எரிச்சிடணும்டி அதை.

சியாலே: எரிக்கலாம், சாயந்தரம். அக்கா, நீ மேல ஏறி வா. நான் அந்த மேட்டுக்குப் போய் ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். இங்க சிக்னலே இல்ல.

கலோ: யாருக்கு இப்ப?

சியாலே: வந்து சொல்றேன். அண்ணனை மணல் தள்ளச் சொல்லு. அக்கா... ஓடலாம் போல இருக்கு எனக்கு!

கலோ: ஓடாத! ஏய், ஓடாதடி! விழுவே!

ஃபெலெட்டி: ஓடறா.

கலோ: பாத்தேன்.

ஃபெலெட்டி: சிரிச்சுக்கிட்டே ஓடறா. வந்து இறங்கினதுலேர்ந்து இப்பதான் அவ சிரிப்புச் சத்தமே கேக்குது.

கலோ: அதுக்குத்தானே தம்பி.

ஃபெலெட்டி: இருந்தாலும்... அம்மாவை நினைச்சா எனக்குச் சோறு இறங்காதுக்கா.

கலோ: எனக்கு மட்டும் இறங்குமா? அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நான்தானே மூத்தவ. மணலைத் தள்ளுங்க.

ஃபெலெட்டி: அவகிட்ட சொல்லிடலாமே.

கலோ: இன்னிக்கு ராத்திரி அவ தூங்கட்டும். ஒரே ஒரு ராத்திரி அழாம தூங்கட்டும். டாக்டரே தலையில ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. அப்ப அது மனசுல இருக்கற வலிதானே தம்பி? அம்மா அடக்கத்துக்கு வரலங்கறது அவளை உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு. மனசு தெளிஞ்சா தலையும் தெளிஞ்சுடும்.

ஃபெலெட்டி: தெளியாட்டி?

கலோ: வாயைக் கழுவுங்க. ...அவ வரா. பேசாதீங்க.

ஃபெலெட்டி: நான் வண்டிகிட்ட இருக்கேன்.

சியாலே: அக்கா! பசிக்குது!

கலோ: என்ன சொன்னே?

சியாலே: பசிக்குதுன்னேன். சேம்பிலையில தேங்காப்பால் ஊத்தி, கறியை வச்சுச் சுருட்டி, அடுப்புக் குழியில போடு. ஆளுக்கு ரெண்டு இல்ல, எனக்கு மட்டும் நாலு. அண்ணன் ஏன் நான் வந்ததும் போயிட்டாரு? அன்னிக்குப் போன் பிடிச்சதுக்கு நன்றி சொல்லலாம்னு பாத்தேன்.

கலோ: அதெல்லாம் உங்கண்ணன்கிட்ட நேரா சொல்லுவியா நீ? நான் சொல்லிக்கறேன். வா, இந்தப் போர்வையை அந்த முனையில பிடி. கல்லறை மேல விரிச்சு, பூவை வச்சிட்டுப் போகலாம். ...யாருக்குப் போன் பண்ணினே?

சியாலே: திட்டக் கூடாது.

கலோ: திட்டுவேன். சொல்லு.

சியாலே: டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொன்னாருன்னு சொன்னேன்ல.

கலோ: ஆமா. ரெண்டு தடவை.

சியாலே: ரெண்டும் பொய்.

கலோ: ...என்னது?

சியாலே: படத்துல காட்டினாங்கக்கா. பின்மண்டையில, ஒரு எலுமிச்சங்கா அளவுக்கு. வெள்ளையா. மண்டையைத் திறந்து எடுத்துடணும், சீக்கிரம் எடுத்தா பொழைச்சுக்கலாம்னாங்க.

கலோ: எடுக்காட்டி?

சியாலே: அதை விடேன். இப்பதான் சரியாப் போச்சே.

கலோ: எடுக்காட்டி என்னடி?

சியாலே: என்ன, எல்லாரும் போற எடம்தான். ஏன் போர்வையைக் கீழ விட்டே? பிடி. ...உங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே என்னை ப்ளேன்ல ஏத்தி அனுப்பியிருப்பே. அதான் சொல்லல. எனக்குக் கத்தின்னா பயம்க்கா. பேச்சுப் போனாலும் போகலாம்னாங்க. அம்மாவோட குரல் கூட ஞாபகம் இல்லாமப் போயிடுமோன்னு இருந்துச்சு. அதனால எனக்கு நானே ஒண்ணு சொல்லிக்கிட்டு வந்தேன். அம்மா தலையில வேரு இருந்தா, இது அவ குடுத்த வலி, எடுத்தா போயிடும். வேரு இல்லன்னா, புதன்கிழமை ப்ளேனைப் பிடிச்சு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துடணும். வியாழக்கிழமைக்கு எனக்கு நாள் குறிச்சு வச்சிருந்தாங்க.

கலோ: வச்சிருந்தாங்களா? இப்ப... இப்ப போன்ல என்ன சொன்னே?

சியாலே: வர மாட்டேன்னுட்டேன். என் எடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க, காத்துக்கிட்டு இருக்கறவங்க நிறைய இருப்பாங்கன்னு சொன்னேன். அந்த நர்ஸ் பொண்ணு விடவே இல்ல. நிச்சயமா, நிச்சயமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எங்கம்மா தலையிலேர்ந்து வேரை எடுத்துட்டோம்மான்னு சொன்னேன். பாவம், அவளுக்கு என்ன புரியும்!

கலோ: போனை எடு.

சியாலே: என்ன?

கலோ: போனை எடுடி! திரும்பக் கூப்பிடு அவளை. வரேன்னு சொல்லு. தம்பி! வண்டியை எடுங்க! மேட்டுக்கு விடுங்க, சீக்கிரம்!

சியாலே: என்னாச்சுக்கா உனக்கு? ஏன் இப்படிக் கத்தறே? வலியே இல்லங்கறேன்... வேருதான் வந்துடுச்சே!

கலோ: அது நம்ம சமையல்கொட்டாய்க்குப் பின்னால நிக்கற நுணா மரத்து வேருடி! உன் நெத்தியில கட்டியிருக்கற இலையும் அதே மரத்து இலைதான். சனிக்கிழமை நானும் தம்பியும் வந்து திறந்து பாத்தோம். அம்மா சுத்தமா, அழகாப் படுத்திருந்தாடி. நூலளவு வேரு கூட இல்ல. நீ ஒரு ராத்திரி அழாம தூங்கினாப் போதும்னு... நான்தான் சியாலே... இந்தக் கையாலதான், அம்மா கண்ணுக்குள்ள அந்த வேரைச் செருகினேன்.